பக்கத்துத் தட்டின் பச்சை

“நீயே படிச்சுக் காட்டு,” என்றார் என் கணவர்.

“வேண்டாம் சார். அப்புறமா நீங்களே பாத்துக்கங்க.”

“என் கண்ணாடி எங்கேயோ கிடக்கு. படி.”

கண்ணாடி அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது.

சின்ன டாக்டர் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். என் கணவரிடம் மாணவியாக வந்து சேர்ந்தவள். அவர் ஓய்வு பெற்றபின் அந்த ஆய்வகமே அவள் பொறுப்பில் இருக்கிறது. தலை நரைத்தும் அங்கே எல்லோருக்கும் அவள் சின்ன டாக்டர்தான். இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார்கள். பத்திரிகை அதை ஒரு நிபுணரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டிருந்தது. யார் அந்த நிபுணர் என்று சொல்ல மாட்டார்களாம்.

“என்ன எழுதியிருக்கார்னா சார்... கட்டுரையோட முதல் ஆசிரியர், அதாவது நீங்க, இதே விஷயத்தை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாவல்ல எழுதிட்டார். நாவலை நான் ரசிச்சுப் படிச்சேன். இப்ப அவர் பாக்கறது பாசியையா, நாவலையான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. அவ்வளவுதான்.”

“ரசிச்சுப் படிச்சானாமா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“நாசமாப் போக,” என்றார் அவர், கோபமே இல்லாமல். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே.

விஷயம் இதுதான். சுவரில் பிடிக்கிற பாசி காய்ந்தால் பழுப்பாகிவிடும், தண்ணீர் பட்டால் பச்சையாகும். அது ஊரறிந்தது. என் கணவர் கண்டது வேறு. மூடிய கண்ணாடித் தட்டு ஒன்றில் காய்ந்த பாசி. அதன் பக்கத்துத் தட்டில் மட்டும் தண்ணீர் தெளித்தார். தண்ணீரே படாத தட்டிலும் லேசாகப் பச்சை ஏறியது என்கிறார். நாவலில் ஒரு செத்த கிரகம். ஒரு மூலையில் தூறல் விழுந்தால் மறுமூலையில் காய்ந்து கிடக்கும் பாசி எழுந்து உட்காருமாம். நான் படித்ததில்லை, அவர் சொல்லக் கேட்டதுதான்.

அவர் எழுதிய புத்தகங்களின் எண்ணிக்கை அவர் வயதைத் தாண்டிப் பல காலமாயிற்று. காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிரகம் கிரகமாகப் படைப்பார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய் நாளெல்லாம் பாசியைப் பார்ப்பார். ஆய்வகத்தில் அவருக்கு வைத்த பெயரே ‘கிரகம்’. “கிரகம் வந்தாச்சா?” என்று வாசலிலேயே கேட்பார்களாம். எழுத்தாளர்கள் கூடும் இடத்தில் அவரை விஞ்ஞானி என்று அறிமுகப்படுத்துவார்கள். விஞ்ஞானிகள் கூடும் இடத்தில், “நம்ம கதாசிரியர்” என்று முதுகில் தட்டுவார்கள். இரண்டு வீட்டிலும் விருந்தாளி. இந்த ஒரு கட்டுரை அச்சில் வந்துவிட்டால் முதுகில் தட்டுவதை நிறுத்துவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். வேறெதற்கும் அவர் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

“என்ன பண்ணலாம்கிற?” என்றார் சின்ன டாக்டரிடம்.

“விஷயம் தெரியாத ஒருத்தரை வச்சுப் பாக்கச் சொல்லலாம் சார். தட்டு மேல அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது. எது பக்கத்துல தண்ணி இருந்துச்சு, எது தனியா இருந்துச்சுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியக்கூடாது. அவங்களும் பச்சைன்னு சொல்லிட்டா, அந்த ஆளு வாயை மூடிடலாம்.”

“யாரைக் கூப்பிடப் போற?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, உங்களுக்குப் பாசியும் தெரியாது. நாவலும் படிக்க மாட்டீங்க. உங்களை விட்டா ஆள் கிடைக்காது.”

“இது பாராட்டா, திட்டா?”

“தகுதி அக்கா.”

அப்போது தொலைபேசி மணி அடித்தது. பதிப்பாளர். அடுத்த நாவலின் முதல் அத்தியாயம் எங்கே என்று கேட்டார். “எழுதிட்டுதான் இருக்கார்,” என்றேன்.

“கதாநாயகன் எந்தக் கிரகத்துல இருக்கான்னாவது சொல்லுங்கம்மா, அட்டைப்படம் போடணும்.”

“இன்னும் பொறக்கவே இல்லைங்க.”

*

ஆய்வகம் மூன்றாவது மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் இருந்தது. அதில் ஏறினால் யாராவது பேச்சுக் கொடுப்பார்களாம்.

நீள மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தாள் சின்ன டாக்டர். மூடிகளில் எண் மட்டும் ஒட்டியிருந்தது. எண் ஒட்டியது கீழே ஸ்டோர்ஸில் இருப்பவர். எந்த எண் எந்தத் தட்டு என்கிற தாள் அவர் கையில்.

“எனக்கே தெரியாதுக்கா,” என்றாள் சின்ன டாக்டர். “சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“நான் பேச மாட்டேன்மா.”

“பேச வேண்டாம். உங்க மூஞ்சியைப் பாத்தாலே அக்கா பதில் சொல்லிடுவாங்க. போங்க.”

அவர் வெளியே போனார். கதவின் கண்ணாடி வழியே அவர் முதுகு தெரிந்தது. சொந்த ஆய்வகத்து வாசலில், பள்ளியில் வெளியே நிறுத்திய பையனைப்போல.

உள்ளதைச் சொன்னால், நான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன். எதைக் காட்டினாலும் பச்சை என்று சொல்லிவிடுவது. கட்டுரை அச்சாகட்டும், மனிதர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

“பச்சை,” என்றேன் முதல் தட்டுக்கு. “இதுவும் பச்சை. இதுவும்.”

சின்ன டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். “அக்கா, இதுல பாதி தட்டு பக்கத்துல தண்ணியே இல்லாம தனியா இருந்தது. எல்லாமே பச்சைன்னா எதுவுமே பச்சையில்லைன்னு அர்த்தம்.”

“அப்ப பாதிக்குப் பச்சைன்னு சொல்றேன்.”

“எந்தப் பாதி?”

நான் மேசையைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூட வழி விடாமல் கட்டிவைத்திருந்தார்கள். இத்தனை வருடமாக அவர் என்னதான் செய்கிறார் அங்கே என்று நினைப்பேன். இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

“முதல்லேர்ந்து ஆரம்பி,” என்றேன்.

இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். விளக்கை இழுத்துப் பிடித்து, தலையைச் சாய்த்து, நிமிர்த்தி. சிலது பச்சை மாதிரி இருந்தது. மறுபடி பார்த்தால் பழுப்பு. தோன்றியதைச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசித் தட்டை வைத்தபோது கழுத்து விட்டுப்போயிற்று.

கதவு திறந்தது. “முடிஞ்சுதா? நானும் ஒரு தடவை பாத்துடறேன்.”

“சார், நீங்க எதுக்கு...”

“தாளைப் பிரிக்கறதுக்கு முன்னால பாக்கறேன். எனக்கும் எண்ணைத் தவிர எதுவும் தெரியாதே.”

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். முதல் தட்டைக் கையில் எடுத்தார். வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார், “பளிச்சுனு தெரியும்மா, குருடனுக்குக்கூடத் தெரியும்” என்று. இப்போது தட்டை விளக்கின் கீழ் கொண்டுபோனார், விலக்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

“பச்சைன்னு போட்டுக்க,” என்றார். பிறகு, “இல்ல, இரு. பழுப்பு.”

சின்ன டாக்டர் அடித்துவிட்டு எழுதினாள். அவர் எல்லாத் தட்டையும் பார்த்து முடித்தார். ஒன்றையும் விடவில்லை.

ஸ்டோர்ஸ்காரர் தாளைக் கொடுத்துவிட்டு, “வேற ஏதாவது வேணுமா டாக்டர்?” என்று கேட்டார். பிறகு கீழே போய்விட்டார். சின்ன டாக்டர் அந்தத் தாளையும் தான் எழுதியதையும் அருகருகே வைத்து விரலை ஓட்டினாள். விரல் கடைசி வரிக்குப் போய், மறுபடி மேலே வந்தது.

“சொல்லு,” என்றார் அவர்.

“கலந்துகட்டி வந்திருக்கு சார். தண்ணி பக்கத்துல இருந்ததும் தனியா இருந்ததும் ஒரே மாதிரிதான்.”

“அவளுக்கு. எனக்கு?”

“உங்களுக்கும்.”

அவர் மேசைமேல் கிடந்த துணியை எடுத்து, எதையோ துடைக்கப் போவதுபோல் வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை பண்ணலாம் சார்,” என்றாள் சின்ன டாக்டர் அவசரமாக. “இந்த வெளிச்சம் சரியில்லை. அக்காவுக்கும் வயசாச்சு...”

“என் வயசை ஏன் இழுக்கறே?”

“இல்லக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“வேண்டாம்மா,” என்றார் அவர். “இன்னொரு தடவைன்னு ஆரம்பிச்சா, பச்சையாகற வரைக்கும் விடமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கும் தெரிஞ்சிருக்கு.”

“நிஜமாவே பாத்தீங்கதானே சார், அன்னிக்கு?”

“பாத்தேன். அதுல சந்தேகமே இல்ல. எந்தத் தட்டு எதுன்னு தெரிஞ்சப்போ பாத்தேன்.” துணியை மடித்து வைத்தார். “கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறோம்னு எழுதிடு.”

“காரணம் என்னன்னு போடறது?”

“நடந்ததைப் போடு. அடையாளத்தை எடுத்ததும் எங்களுக்கே தெரியலைன்னு.”

“சிரிப்பாங்க சார்.”

“இத்தனை நாள் அழுதாங்களா?”

அவள் கணினியின் முன் உட்கார்ந்து தட்டச்ச ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். “கீழ என் பேரை மட்டும் போட்டுடறேனே. உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல?”

“என் பேரைத்தான் முதல்ல போடணும். பாத்தது நான்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவருடைய பெயரை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அவர் பின்னால் நின்று எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். அனுப்பு என்றார். அனுப்பினாள்.

திரும்பும்போது லிஃப்டில் ஏறினோம். உள்ளே வேறு யாரும் இல்லை.

“அழணும்போல இருந்தா அழுதுடுங்க,” என்றேன்.

“அதுக்கெல்லாம் தெம்பு இல்ல. நீ கொஞ்சம் கையைக் குடு.”

கொடுத்தேன். அவர் கை சில்லென்று இருந்தது. கீழே கதவு திறந்தும் அவர் நகரவில்லை. கதவு தானாகவே மூடிக்கொண்டது. நானும் பொத்தானை அழுத்தவில்லை. யாராவது லிஃப்டைக் கூப்பிடும்வரை நிற்கலாம் என்று நின்றுகொண்டிருந்தோம்.