கொய்யா மரத்தின் சம்மதம்

இந்தத் தோட்டத்தின் நூறாண்டு வரலாற்றில் பகுத்தறிவோடு பிறந்த முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். மரத்துக்குக் காது கிடையாது என்பதைக் குவாலா சிலாங்கூர் வட்டாரத்திலேயே ஐயமின்றி அறிந்தவன் நான் ஒருவன்தான்.

என் அண்ணன் கணேஸ்வரனுக்கு இது தெரியாது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒரு சின்னக் கிளை வெட்டுவதென்றாலும் செருப்பைக் கழற்றி வைப்பார். மரத்தில் கை வைத்து, யாருக்கு, எதற்கு என்று வாய்விட்டுச் சொல்வார். பிறகு நிற்பார். ஓர் இலை விழ வேண்டும். விழுந்தால் மரம் சம்மதித்துவிட்டதாக அர்த்தம். எங்கள் தோட்டத்துப் பழக்கம் இது. மரம் என்றிருந்தால் எந்நேரமும் ஓர் இலை விழுந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், எந்த மரமும் இதுவரை மறுத்ததாக வரலாறு இல்லை. அனுமதிக் கடிதம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் இலாகா நாட்டில் வேறெங்கும் இல்லை.

நான் ஷா ஆலமில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படிக்கிறேன். விடுமுறைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

பிரேமலா அண்ணி அண்ணனைப் பிரிந்து, பத்தாங் காலியில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். மகள் தனுஜா அவரோடுதான். எட்டு வயது. சனிக்கிழமைகளில் அவளை இங்கே கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. அவள் வருகிற சனிக்கிழமைகளாகப் பார்த்து மில்லிலிருந்து அண்ணனுக்கு போன் வரும். குலை அழுகுகிறது, லோரி வேண்டும். "அப்பா இதோ வந்துர்றேன்மா" என்று போவார். அவள் திரும்பிப் போன பிறகு வருவார்.

அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அவளுக்கு வர இஷ்டமில்லையாம்," என்றார் அண்ணி. "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நீங்களே கேளுங்க."

"தனுஜா, ஏம்மா?"

"வில்லு செஞ்சு தர்றேன்னு சொன்னீங்க. செய்யல."

"மாமாதான் ஒரு வில்லு வாங்கிக் குடுத்தாராமே?"

"அது பிளாஸ்டிக் லா அப்பா. நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்கப்பா மரத்துலயே செய்வாருன்னு. கிளாஸ் பூரா கேக்குறாங்க."

அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இந்த சனிக்கிழமை வர்றேன்," என்றாள் தனுஜா. "வில்லு இல்லன்னா அப்புறம் வரமாட்டேன்."

அண்ணி போனை வாங்கினார். "அவளா வரலைன்னா நான் இழுத்துக்கிட்டு வர முடியாதுங்க. பாத்துக்குங்க." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அண்ணன் கொஞ்சம் தெம்பாக இருந்திருப்பார்.

அண்ணன் உடனே முதலாளியை அழைத்து, இந்தச் சனிக்கிழமை லோரி எடுக்க மாட்டேன் என்றார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அண்ணன் "ஆமா பாஸ், ஆமா பாஸ்" என்று சொல்லிவிட்டு, மாட்டேன் என்பதையே மறுபடி சொன்னார்.

ஆக, ஒரு வில் தேவை. எங்களைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள். அத்தனையும் செம்பனை. செம்பனையில் எண்ணெய் வரும், ஓலை வரும், பாம்பு வரும். வில் வராது. திங்கட்கிழமை அண்ணன் முயன்று பார்த்தார். மட்டையைச் சீவச் சீவ அது நாராகி, கடைசியில் கையில் ஒரு துடைப்பம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, சாலையோரம் தப்பிப் பிழைத்திருந்த ஒரு கிழட்டு ரப்பர் மரத்திடம் போனோம். அண்ணன் செருப்பைக் கழற்றினார். மரத்தில் கை வைத்தார்.

"என் மகளுக்கு," என்றார். "வில்லு செய்யணும். ரெண்டு வருசமா அவ அம்மாகூட இருக்கா. என்மேல நம்பிக்கை போயிருச்சு. தப்பு என்னோடதுதான். சனிக்கிழமை வர்றா..."

"அண்ணே, மரத்துக்கு எதுக்கு இவ்வளவு குடும்ப விவரம்? அடையாள அட்டை ஐசி நம்பரையும் குடுத்துருங்க."

"வாய மூடுடா."

இலை விழுந்தது. வெட்டினோம். அன்று மாலையே நாண் பூட்டி இழுத்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

"கேட்டுத்தான வெட்டுனீங்க?" என்றேன். "சம்மதம் குடுத்த மரம் இப்படிப் பண்ணலாமா?"

அண்ணன் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரப்பரு வெள்ளைக்காரன் நட்டது. அதுக்குத் தமிழ் புரியாதுடா."

கிண்டலாகத்தான் சொன்னார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"பழைய லயத்துல கொய்யா ஒண்ணு இருக்கு," என்றார். "அது நம்ம ஆளுங்க நட்டது. அதுலதான் நாங்கல்லாம் குருவி அடிக்கிற லாஸ்திக்குக் கவட்டை வெட்டுவோம். வளைஞ்சாலும் உடையாது. நாளைக்கு வேலை முடிச்சிட்டு வந்து கேக்குறேன்."

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த லயத்து வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். முனியாண்டி கோயிலும் அதை ஒட்டிய கொய்யா மரமும் மட்டும் செம்பனைக்கு நடுவில் மிஞ்சி நிற்கின்றன. புதன்கிழமை அண்ணன் வேலை முடித்து வரும்வரை காத்திருப்பது பொறியியல் அடிப்படையில் நேர விரயம். நானே மோட்டார் சைக்கிளில் போனேன். நேரான கிளையாக ஒன்றைப் பார்த்து, செருப்போடு ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் வெட்டி எடுத்து வந்தேன். பச்சை மரத்தில் ஈரம் அதிகம், ஈரம் போனால்தான் விசை வரும் என்று நெட்டில் போட்டிருந்தது. வியாழக்கிழமை முழுக்கத் துத்தநாகக் கூரை மேல் காயவைத்தேன். அதுவும் போதாதென்று அடுப்பு நெருப்பில் ஒரு மணி நேரம் காட்டினேன்.

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரியும் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சீவினார். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். பிடிக்கிற இடத்தில் சிவப்பு ரஃபியா கயிறு சுற்றினார். அவர் கை பெரியது, தனுஜாவின் கை சின்னது. அதனால் தன் இரண்டு விரல்களை மட்டும் வைத்து அளந்து அளந்து சுற்றினார். வில் அழகாக இருந்தது. எதைப் பற்றியும் இப்படி எளிதில் சொல்பவன் இல்லை நான்.

தூண்டில் நைலானை நாணாகக் கட்டி மெல்ல இழுத்தார். பாதி வளைந்தது. இன்னும் கொஞ்சம். "டப்" என்று ஒரு சத்தம். சிவப்புக் கயிறு மட்டும் இரண்டு துண்டுகளையும் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"கேட்டுட்டுத்தான வெட்டுன?" என்றார் அண்ணன்.

நான் ஈரப்பதம் பற்றி விளக்கத் தொடங்கினேன். அடுப்பில் காட்டியது தப்பாகிவிட்டது, அதிகமாகக் காய்ந்தால் நார் முறிந்துவிடும், இது முழுக்க முழுக்க இயற்பியல் என்றேன். எல்லாம் உண்மை. சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"சரிடா," என்றார். திட்டியிருக்கலாம். பசை எடுத்து வந்து உடைந்த இடத்தில் தடவினார். கறுப்பு டேப்பைச் சுற்றினார். அதற்கு மேல் மறுபடி ரஃபியா. இழுத்தால் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சுற்றிக்கொண்டிருந்தார், காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி.

போன் அடித்தது.

"அப்பா, ரெடியா?"

"ரெடிம்மா."

"நெசமாவா? மரத்துலயா?"

"மரத்துலதாம்மா."

"சித்தப்பாகிட்ட குடுங்க." போன் என் கைக்கு வந்தது. "சித்தப்பா, அப்பா நெசமா செஞ்சிட்டாங்களா? நீங்க பொய் சொல்லமாட்டீங்க லா."

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"செஞ்சிட்டாரு," என்றேன். "நீ வந்து பாரு."

மறுநாள் விடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு மோட்டாரில் கிளம்பினேன். அண்ணன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார், வில் மடியில். பச்சைக் கிளையாக இருந்தால் காயவைக்க வேண்டாம், நாலு சீவு, இரண்டு பக்கமும் வெட்டுக்குறி, நாண். ஒரு மணி நேரம் போதும். பத்தாங் காலியிலிருந்து அவர்கள் வந்து சேர அதைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும். புறப்பட்டுவிட்டோம் என்று அண்ணி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்.

கொய்யா மரத்தடியில் மோட்டாரை நிறுத்தினேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். முனியாண்டியைத் தவிர யாரும் இல்லை.

செருப்பைக் கழற்றினேன். புல் ஈரமாக இருந்தது. உடனே ஒரு கட்டெறும்பு கடித்தது. மரத்தில் கை வைத்தேன். புதன்கிழமை நான் வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"தனுஜாவுக்கு," என்றேன். அது போதாது என்று தோன்றியது. மறுபடி சொன்னேன். "எங்கண்ணன் மகளுக்கு. வில்லு செய்யணும். அன்னைக்குக் கேக்காம வெட்டுனது நான்தான், அப்ப அவருக்குத் தெரியாது, அவரா இருந்தா கேட்டிருப்பாரு. இன்னைக்கு இல்லன்னா அவ இனிமே வரமாட்டா. எங்கண்ணன்..." மரப்பட்டையை விரலால் தடவினேன். "ஒரு கிளைதான்," என்றேன்.

இலை விழவில்லை.

காற்று துளியும் இல்லை. செம்பனை மட்டைகள்கூட அசையவில்லை. மேலே பழுத்து மஞ்சளான இலை ஒன்று காம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. நான் நின்ற நேரத்தில் கார் பாதி வழி வந்திருக்கும்.

கை மரத்தின் மேல்தான் இருந்தது. லேசாக ஓர் உலுக்கு உலுக்கினால் போதும், அந்த இலை விழுந்துவிடும். யார் பார்க்கப்போகிறார்கள்.

உலுக்கவில்லை. அண்ணாந்து அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.