முந்நூறு நூலகங்கள்

எங்கள் ஊர் நகராட்சி வருடத்துக்கு ஒரு பழைய கட்டடத்தைப் பொம்மையாக வெளியிடும். உள்ளங்கையில் அடங்குகிற சுட்ட மண் பொம்மை, முந்நூறே முந்நூறுதான். மணிக்கூண்டு, பழைய பாலம், தபால் நிலையம் என்று வீட்டுக்கு வீடு கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும். நடுவில் ஒன்று கிடைக்காமல் போனால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அச்செடுத்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுகிறவள் நான்.

இந்த வருடம் நூலகம். அதன் இடது சுவரில் முதுகைச் சாய்த்தபடி இருபத்திரண்டு வருடமாக என் அக்காவின் சாவிக் கடை இருக்கிறது. கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறதாம். முப்பது நாளில் இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

"சாவி வெட்டுறதைத் தவிர எனக்கு என்னடி தெரியும்?" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. 

பொம்மைகளுக்குப் பொறுப்பான அதிகாரியை ஊரே 'முத்திரை' என்றுதான் சொல்லும். மாதிரியைக் கொண்டுபோனால் கையில் வாங்கியதுமே தலைகீழாகக் கவிழ்ப்பார். அடியில் 'ஊரின் தொன்மைச் சின்னம், சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை கோணாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பொம்மையின் முகத்தையாவது அவர் பார்த்ததில்லை. நூலகத்தையும் கவிழ்த்தார். அதன் இடது சுவரில் நகம் அளவுக்கு ஒரு சாவிக் கடையும் சேர்ந்து கவிழ்ந்தது. 

"முத்திரை நேரா இருக்கு. ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றார்.

முந்நூறும் ஒரே காலையில் விற்றுத் தீர்ந்தன. மத்தியானம் முத்திரை என் பட்டறைக்கு மூச்சிரைக்க வந்தார்.

"என்னம்மா இது?"

"சாவிக் கடை சார்."

"அது தெரியுது! யாரைக் கேட்டு வச்சே?"

"கவுத்துப் பாருங்க சார். கையெழுத்து உங்களுதுதானே?"

திருப்பிக் கொடுத்தால் வேறு தருவதாக அறிவித்தார். ஒருவரும் தரவில்லை. நகராட்சித் தலைவரின் மாமியார் இன்னொன்று கிடைக்குமா என்று ஆள் அனுப்பினார். தப்பு என்று ஒப்புக்கொண்டால், பன்னிரண்டு வருடமாக எதைத்தான் சரிபார்த்தீர்கள் என்று ஊர் கேட்கும். முத்திரை யோசித்தார். பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார்: இந்தக் கடை தொன்மைச் சின்னம். இதில் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது.

அக்கா அன்று சாயங்காலமே வந்து நின்றாள்.

"ஏண்டி, கூரைத் தகரத்துல நாலு ஓட்டை. அதை மாத்தக் கூடாதாம்! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கு!"

"சங்கு சும்மாவா கிடந்துச்சு? உடைக்க வந்தாங்கக்கா."

"வாயை மூடுடி."

இடித்திருக்க வேண்டிய நாள் வந்தது. விடியும்போதே மழை. அக்காவுக்கு என்ன கதியோ என்று ஓடினேன். கடை திறந்திருந்தது. தகரத்தை யாராவது மாற்றிவிட்டார்களா என்று சோதனை போட வந்த முத்திரையின் கையில் அக்கா குடையைத் திணித்திருந்தாள்.

"மாத்தக் கூடாதுன்னா நீங்களே பிடிங்க. இந்தப் பக்கம் சாய்ங்க சார், மெஷின் நனையுது!"

அவர் பாதி நனைந்தபடி சாய்த்துப் பிடித்தார். அக்கா அவரையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே சாவி வெட்டினாள். அவள் குரல் தெருமுனை வரை கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.