ஏழாவது துளை

இரும்பைப் பற்றித் தனபாலுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. கோயம்புத்தூர் கணபதியில் இருபத்தாறு வருடமாக மோட்டார் பம்ப் பட்டறை நடத்துகிறவர். எந்தக் கம்பி வளையும், எது முறியும் என்று கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் மகளின் குதிரைக்கு வாய்க்கம்பி தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோதே வீட்டிலிருந்தவர்கள் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். ஒருவரும் பயப்படவில்லை.

குதிரையின் பெயர் தும்பை. ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது. உடம்பெல்லாம் வெள்ளை, நின்றால் தனபாலின் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். பதினேழு வயது மகள் அக்ஷயா அதன் கழுத்தில் கை வைத்த இடத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது. சுல்தான்பேட்டைப் பக்கம் இருந்த தென்னந்தோப்பில் லாயம் கட்டினார்கள். மூங்கில் அடைப்புப் போட்டு வட்டமாக ஒரு மண் களம் ஏற்படுத்தினார்கள். சவாரி சொல்லித்தர ராமுலு வந்தார். கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்குக் குடும்பம். மலைமேல் பந்தய லாயங்களில் குதிரைகளோடு முப்பது வருடம் இருந்தவர். அக்ஷயா அவரை மாஸ்டர் என்பாள்.

தும்பைக்குப் பலம் அதிகம். தீபாவளி கழிந்த வாரத்தில் ஒரு நாள், அக்ஷயா கடிவாள வாரைப் பிடித்து இழுக்க இழுக்க, அது கேட்காமல் தோப்பைத் தாண்டி வாய்க்கால் மேடு வரைக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளத்தோடு அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். தனபாலுக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பல்லடம் ரோடு. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற ரோடு.

அவருக்குப் பதினோரு வயதில் ஒரு காட்சி மனதில் பதிந்துபோயிருந்தது. அவருடைய அப்பா அங்கப்பன் வளர்த்த மயிலைக் காளைக்கு ஒரு நாள் மூக்கணாங்கயிறு அறுந்துவிட்டது. அறுந்த நொடியிலேயே அது திரும்பி அங்கப்பனைச் சுவரோடு வைத்து அழுத்தியது. விலா எலும்பு மூன்று போயிற்று. அதற்குப் பிறகு அவர் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. பிடி தளர்ந்தால் ஆள் போய்விடும் என்று அன்றைக்குத் தனபால் கற்றுக்கொண்டார். வேறு எதையும் அந்த விஷயத்தில் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

குதிரையின் வாய்க்குள் போகிற கம்பியை லாயத்துக்காரர்கள் பிட் என்பார்கள். பட்டறைக்காரருக்குப் பிட் என்றால் துளை போடுகிறது. முதல் தடவை ராமுலு சொன்னபோது தனபால் டிரில்லிங் மெஷினைத்தான் நினைத்தார். அப்புறம் விஷயம் புரிந்ததும் செல்போனில் தேடித் தேடி மூன்று வகை வரவழைத்து, சாப்பாட்டு மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். மனைவி கீதா தட்டு வைக்க இடம் கேட்டு நின்றாள்.

"ஏனுங்க, இருக்கிற கம்பியே போதுமுங்க," என்றார் ராமுலு. "வழவழன்னு, வாயிக்கு எதமா இருக்குது. மொதல்ல டாக்டரைக் கூட்டியாந்து பல்லை ஒருக்காப் பாத்துப்போடலாமுங்க. உள்ள எங்கியாச்சும் குத்துச்சுன்னா, அந்த வலிக்குப் பயந்துதான் இது ஓடுமுங்க."

"பல்லு வலிக்கு ஓடுதுன்னா நம்மூர்ல பாதிப்பேரு ஓடோணுமுங்க," என்றார் தனபால். முறுக்கிய கம்பி ஒன்றை எடுத்து நீட்டினார். "இதைப் போட்டுப் பாக்கலாமுங்க."

ராமுலு அதை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "உங்க இஷ்டமுங்க," என்றார்.

எங்கள் பக்கத்தில் 'உங்க இஷ்டமுங்க' என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். தனபாலுக்கு இது தெரியாததல்ல. பெண் பார்க்கப் போன இடத்தில் யாராவது அப்படிச் சொன்னால், காப்பியைக்கூட முடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். குதிரை விஷயத்தில் மட்டும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முறுக்குக் கம்பியில் தும்பை முன்னைவிட வேகமாக ஓடியது. அடுத்து, இரண்டு பக்கமும் நீளமான கை வைத்த கம்பி. வாரை ஒரு பங்கு இழுத்தால் வாயில் மூன்று பங்கு அழுத்தும். அதைப் போட்டதும் தும்பை வாயை அகலத் திறந்து, நாக்கைக் கம்பிக்கு மேலே போட்டு, தலையை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டது. கம்பியில் லேசாக ரத்தம் இருந்தது. அக்ஷயா அதைக் கழுவும்போது பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். அவருக்கு மனசு சங்கடப்பட்டது. சங்கடம் வேறு, பயம் வேறு. பயம்தான் பெரிதாக இருந்தது.

"வாயைத் தெறக்கறதாலதானுங்க கம்பி வேலை செய்ய மாட்டேங்குது," என்று ராமுலுவிடம் முடிவாகச் சொன்னார். "வாயை மூடிக் கட்டிப்போட்டா சரியாப்போவும்."

அப்படித்தான் மூக்குப்பட்டை வந்தது. மூக்கைச் சுற்றிவந்து தாடைக்கு அடியில் பக்கிள் போட்டு மாட்டுகிற தோல் வார். ஆறு துளைகள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் அக்ஷயாவுக்கு முதல் போட்டி. வியாழக்கிழமை ராமுலு பட்டையை மூன்றாவது துளையில் மாட்டினார். அக்ஷயா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"இந்தா இந்த எலும்பு மேல, ரெண்டு வெரல் தாராளமா உள்ள போவோணுமுங்க," என்று காட்டினார். "இதுக்குக் கீழ மட்டும் எறக்கிப்போடாதீங்க. மாட்டுக்கு வாயும் இருக்குதுங்க. குதிரைக்கு மூக்கு மட்டுந்தானுங்க."

தனபாலின் செல்போன் அடித்தது. பட்டறையிலிருந்து. எடுத்துக் காதில் வைத்தபடியே, "வாயில்லாமயா இத்தனை கொள்ளுத் திங்குது?" என்று கேட்டுச் சிரித்தார். ராமுலுவும் மரியாதைக்குச் சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்காமல் அன்றைக்கு நான்கு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருக்கலாம். அவர் சுபாவம் அது இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் கிளம்பிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை பொழுதோட வந்துருவேனுங்க. அதுவரைக்கும் நடை மட்டும் போதுமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனபால் பட்டறையிலிருந்து நேராகத் தோப்புக்கு வந்தார். லாயத்தில் தும்பை மட்டும் இருந்தது. பட்டையை மாட்டி, ராமுலு காட்டிய இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் என்ன, மூன்று விரலே போகும்போல இருந்தது. இதற்குப் பேர் பிடியா? அவர் கண்ணுக்கு அப்பாவின் காளை தெரிந்தது. மூக்கணாங்கயிறு எங்கே இருக்கும்? கீழே, மூக்குத் துவாரத்தை ஒட்டி, சதை மெதுவாக இருக்கிற இடத்தில். அங்கே பிடித்தால்தானே எந்த மிருகமும் நிற்கும்? மேலே, எலும்பின்மேல் கட்டி என்ன பிரயோஜனம்?

பட்டையைத் தாங்குகிற பக்கவாரைத் தளர்த்தி, அதை நான்கு விரல் கீழே இறக்கினார். அந்த இடத்தில் முகம் ஒடுங்கலாக இருந்ததால் ஆறாவது துளையிலும் இறுக்கம் போதவில்லை. காரில் சின்ன டிரில்லிங் மெஷின் எப்போதும் இருக்கும். நான்கு எம்எம் பிட்டைப் போட்டு, ஆறாவதுக்கு அடுத்து ஒரு துளை எடுத்தார். சுத்தமான துளை. தோல் கருகிய வாடை லேசாக வந்தது. முழங்காலைச் சுவரில் ஊன்றி இழுத்து, ஏழாவது துளையில் மாட்டினார்.

தும்பை அசையாமல் நின்றது. தலையை ஆட்டவில்லை, காலை உதைக்கவில்லை. இரண்டு கண்ணையும் அகல விரித்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. சீழ்க்கை மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று எங்கிருந்தோ வந்தது. தென்னை ஓலையில் காற்று என்று தனபால் நினைத்தார். குதிரை அடங்கிவிட்டது என்றும் நினைத்தார். பட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு மனசு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை ஏழரை மணி. "நான் பூட்டித் தாரேன் கண்ணு, நீ ஹெல்மெட்டைப் போடு," என்று சொல்லி அவரே கடிவாளத்தை மாட்டிக் கொண்டுவந்தார்.

அக்ஷயா குதிரையின் முகத்தைப் பார்த்து நின்றாள். "பட்டை கீழ எறங்கி இருக்கறாப்புல தெரியுதுங்களேப்பா."

"மாஸ்டர் சொன்ன மாதிரிதான் கண்ணு போட்டிருக்குது."

பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மாஸ்டர் பட்டை போட்டார், நாம் கொஞ்சம் சரிபண்ணினோம், அவ்வளவுதான். அக்ஷயாவுக்கு மாஸ்டர் பெயரே போதும். ஏறி உட்கார்ந்தாள்.

நடையில் தும்பை ஒழுங்காகப் போயிற்று. வாய் திறக்கவில்லை. நாளைக்குப் போட்டியாயிற்றே, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று தனபால்தான் சொன்னார். அவள் மெல்ல ஓட்டத்துக்கு விட்டாள். அப்போதும் கட்டுக்குள்ளேயே இருந்தது. "எப்படி? சொன்னேனல்ல," என்று அடைப்போரம் நின்று பெருமையாகக் கைதட்டினார்.

"அப்பா, என்னமோ சத்தம் வருதுங்க," என்றாள் அக்ஷயா தாண்டிப் போகும்போது. "விசிலாட்டம்."

"சளியா இருக்கும் சாமி. வேர்த்தாச் சரியாப்போவும்."

அடுத்த சுற்றில் அந்தச் சத்தம் அடைப்புக்கு வெளியே இருந்த அவருக்கே கேட்டது. அதற்கு அடுத்த சுற்றில் தும்பையின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. அக்ஷயா பயந்து வாரை இழுத்தாள். அவள் இழுத்ததும் அது தலையை மார்போடு மடக்கி, ஒரு தடவை நின்ற இடத்திலேயே சுழன்று, மூங்கில் அடைப்பை முறித்துக்கொண்டு பாய்ந்தது. அன்றைக்கு ஓடியது விளையாட்டு. இது உயிருக்கு ஓடுகிற ஓட்டம். தனபாலுக்கே அது பார்த்த கணத்தில் தெரிந்தது. தென்னைகளுக்கு நடுவே அவளுடைய சிவப்புச் சட்டை இரண்டு தடவை தெரிந்து மறைந்தது. வாய்க்கால் மேட்டுப் பக்கம்.

ஓடினார். ஐம்பது வயதுக்காரர், செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. காதில் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. கடவுளே, ரோட்டுக்குப் போயிருக்கக்கூடாது, ரோட்டுக்குப் போயிருக்கக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினார்.

ரோட்டுக்குப் போகவில்லை. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால், மண் தடத்தில், தும்பை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அக்ஷயா உயிரோடு இருந்தாள். இடது கை தோளிலிருந்து ஒரு தினுசாகத் தொங்கியது. முழங்காலிட்டு, வலது கை ஒன்றால் பட்டையின் பக்கிளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வர மாட்டேங்குதுங்கப்பா. ஒரு கையில வர மாட்டேங்குது."

அவர் விழுந்து பக்கிளைப் பிடித்தார். முந்தின நாள் கழற்றியபோது உறைக்காத ஒன்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பக்கிளைக் கழற்ற வேண்டுமென்றால், முள் வெளியே வருவதற்காக வாரை முதலில் இன்னும் ஒரு இழுப்பு இறுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. தும்பையின் கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். அது கால் நான்கையும் ஒரு தடவை நீட்டியது. முள் வெளியே வந்தது. பட்டை விழுந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அவர்கள் இரண்டு பேரும் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

தனபால் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த களைப்பில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்ஷயா அவர் வாயைப் பார்த்தாள். அப்புறம் பட்டையை மடியில் எடுத்துப் போட்டு, நல்ல கையின் விரலால் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசித் துளையின் ஓரம் கருகி, உள்ளே தோல் புதிதாகத் தெரிந்தது.

"ஆறுதானுங்களே இருந்துச்சு," என்றாள்.

அவள் விரல் அந்தக் கடைசித் துளையிலேயே நின்றது.

"நம்மளாட்டம் வாயில மூச்சு விட அதுக்கு வராதுங்கப்பா. மூக்கு மட்டுந்தான் அதுக்கு. மாஸ்டர் இப்படியா போடச் சொன்னாரு?"

உங்க இஷ்டமுங்க என்று ராமுலு சொன்னது, மூக்கு மட்டுந்தானுங்க என்று சொன்னது, தான் போனைக் காதில் வைத்தபடி சிரித்தது எல்லாம் தனபாலுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது. மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பட்டையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"இல்ல கண்ணு. இப்படிப் போட வேண்டாம்னு சொன்னாரு."