பன்னிரண்டாம் பெட்டி

அந்தப் பேனா தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் குண்டூசி அக்கா. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு பயம். வாங்குகிற கம்பெனிகளுக்காகத் தொழிற்சாலைகளுக்குப் போய், கப்பல் ஏறுகிற சரக்கைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. பென்சிலோ ரப்பரோ ஸ்கேலோ, பள்ளிக்கூடப் பைக்குள் போகிற எதுவானாலும் அவள் கையெழுத்து விழாமல் கண்டெய்னர் கதவு மூடாது.

பேனா வந்தால் அவள் முதலில் கையில் எடுப்பது ஒரு குண்டூசியைத்தான். பேனா மூடியின் உச்சியில் சின்னதாக ஓட்டை ஒன்று இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்ததில்லை. மூடியைக் கடித்துக்கொண்டே யோசிக்கிற பிள்ளை தப்பித்தவறி அதை விழுங்கி, தொண்டையில் அடைத்துக்கொண்டால், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வரைக்கும் மூச்சு போய்வர அந்த ஓட்டைதான் வழி. குண்டூசி உள்ளே போய் மறுபக்கம் வர வேண்டும். வரவில்லை என்றால் அவளிடம் பேச்சே கிடையாது, சரக்கைத் திருப்பிவிடுவாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று ஆபீஸில் அவளுக்கு நல்ல பெயர். ஆனால் அவளிடமும் ஒரு சோம்பேறித்தனம் இருந்தது. இருநூறு பெட்டி அடுக்கியிருந்தால் எட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. எந்த எட்டு என்று கம்ப்யூட்டரிடம் கேட்டால் அதுவே குலுக்கிப் போட்டுக் கொடுக்கும். அதைத் திறந்து, கடவுச்சொல்லை அடித்து, அது சுற்றிச் சுற்றி நிற்பதற்குள் இவளுக்குப் பொறுமை போய்விடும். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிடுவாள். ரிப்போர்ட்டில் ‘பெட்டிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன?’ என்று கேட்கிற இடத்தில் ‘குலுக்கல் முறையில்’ என்று எழுதிவிடுவாள். வாய்க்கு எது வரும்? வீட்டுக் கதவு எண் நாற்பத்தாறு வரும். ஏறி வருகிற பஸ் இருபத்தேழு வரும். கல்யாணத் தேதி பத்தொன்பது, அம்மா வீட்டு எண் நூற்று மூன்று, பெண்ணின் வயசு, இப்படியே எட்டு. இதெல்லாம் தன் வீட்டு எண்கள் என்று ஒரு நாளும் அவள் நின்று யோசித்ததில்லை.

அந்தத் தடவை திங்கட்கிழமை போயிருக்க வேண்டியது. மழையில் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறி, வியாழக்கிழமைதான் போக முடிந்தது. பேக்கிங் சூப்பர்வைசர் வழக்கம்போல வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டான். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவன், வாய் நிறைய அக்கா அக்கா என்பான், அவளும் தம்பி என்பாள். அவள் பெண்ணின் பிறந்தநாளுக்கு வருஷம் தவறாமல் ஒரு டப்பா பேனா கொடுத்தனுப்புவான். இந்த வருஷத்து டப்பாவும் போன வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது. லஞ்சம் என்று சொல்ல முடியாத சின்னப் பொருள், அவளும் வாங்கிக்கொள்வாள்.

குடோனில் நின்றுகொண்டு அவள் எண்களைச் சொல்லச் சொல்ல, பையன்கள் ஓடிப் பெட்டிகளை இறக்கினார்கள். கடைசியாக, "பன்னெண்டு" என்றாள்.

ஒருத்தரும் நகரவில்லை. சூப்பர்வைசர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு தானேக்கா?" என்றான்.

"இல்ல தம்பி, பாப்பாவுக்குச் செவ்வாக்கிழமையே பன்னெண்டு முடிஞ்சிடுச்சே" என்று இவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். எட்டு எண்கள், அவள் வீடு, அவள் பஸ், அவள் கல்யாணம், எல்லாம் அவன் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. சரக்கைப் பெட்டியில் அடைத்த அன்றைக்கு அவள் பெண்ணுக்குப் பதினொன்று.

பன்னிரண்டாம் பெட்டியை அவளே இழுத்து இறக்கினாள். யாரையும் தொட விடவில்லை. முதல் மூடியில் குண்டூசி போனது. இரண்டாவதில் போனது. மூன்றாவதில் உச்சியில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது, ஊசி முட்டிக்கொண்டு வளைந்தது. நூறு மூடி பார்த்ததில் முப்பத்தொன்று அடைப்பு.

பையன்களை வெளியே அனுப்பிவிட்டு அவன் எல்லாவற்றையும் சொன்னான். மூடி வார்க்கிற அச்சில் ஓட்டை விழவைக்கிற கம்பிகள் சில உடைந்து மூன்று வருஷமாகிறதாம். முதலாளி மாற்றித் தருகிறேன், மாற்றித் தருகிறேன் என்று இழுத்தடிக்கிறாராம். அவள் கேட்கிற பெட்டிகளுக்கு மட்டும் பொறுக்கி எடுத்த பேனாக்களாம். இந்தச் சரக்கை வேண்டுமானால் திருப்பிவிடுங்கள், உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறோம், பழைய கதையைக் கிளற வேண்டாம் என்று கெஞ்சினான். பழைய கதை என்றால் பதினொரு சரக்கு. எல்லாம் அவள் பாஸ் போட்டது, எல்லாம் இந்நேரம் எங்கெங்கோ வகுப்பறைகளில் இருக்கிறது.

"இப்படிக் காதுல பூ சுத்திட்டியே, தம்பி" என்றாள்.

"நாங்க எங்கக்கா சுத்துனோம்? நீங்கதான் ஒவ்வொரு தடவையும் அதே நம்பரைச் சொன்னீங்க. எழுதுனா மொதல்ல போறது உங்க வேலைதான்."

அது உண்மை என்பதுதான் அவளைச் சுட்டது. அவள் புருஷனுக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. குடும்பம் அவள் ஒருத்தி தலையில் ஓடுகிறது. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் மனசு அடித்துக்கொண்டது. இந்தச் சரக்கை மட்டும் திருப்பினால் போதாதா? இதுவரை எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஆகியிருந்தால் தகவல் வந்திருக்காதா? வந்திருக்காது என்றும் அவளுக்குத் தெரியும். மூடி எந்தப் பெட்டியில் வந்தது என்று எந்த அம்மாவுக்குத் தெரியப்போகிறது?

ஆறு மணிக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்ணின் மேஜையில் இருந்த பேனாக்களை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டினாள். அவன் கொடுத்தவை, மூன்று வருஷத்து டப்பாக்கள். எல்லா மூடியிலும் பல் பட்ட தடம். குண்டூசியை எடுத்தாள். ஒன்று, இரண்டு, பத்து. ஐம்பத்து மூன்று மூடி இருந்தது. ஐம்பத்து மூன்றிலும் ஊசி உள்ளே போய் மறுபக்கம் வந்தது.

"கடவுளே, என் பிள்ளை பொழைச்சா" என்று முதலில் நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அடுத்த நிமிஷம் அந்தக் குளிர்ச்சியே அவளைக் கூசவைத்தது. நூறில் முப்பது அடைப்பு வருகிற இடத்திலிருந்து ஐம்பத்து மூன்றும் நல்லதாக எப்படி வரும்? ஒவ்வொன்றாக ஊசி விட்டுப் பார்த்திருக்கிறான், பாவி. அக்கா பெண் கடிப்பாள், ஜாக்கிரதை என்று பொறுக்கி எடுத்துப் போட்டிருக்கிறான். என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

புருஷன் வாசலில் நின்று என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் போய்ச் சமையலறை விளக்கைப் போட்டார்.

‘பெட்டிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன?’ அந்த இடத்தில் அவள் அடித்தாள்: ‘குலுக்கல் முறையில் இல்லை. என் வீட்டு எண், பஸ் எண், கல்யாணத் தேதி, என் மகளின் வயது. ஒவ்வொரு தடவையும் இவைதான். தொழிற்சாலைக்கு இது தெரியும். மூன்று வருடங்களில் நான் அனுப்பிய பதினொரு சரக்குகளையும் நம்ப வேண்டாம். கடைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் திரும்ப எடுத்துவிடுங்கள்.’ கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். மணி ஆறாக நாலு நிமிஷம் இருந்தது.

பெண் வந்து, ஹோம்வொர்க் செய்யப் பேனா வேண்டும், எல்லாவற்றையும் எதற்கு எடுத்தாய் என்று சிணுங்கினாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பெண் கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்து, யோசிக்கிற மும்முரத்தில் மூடியை வாயில் வைத்துக் கடித்தாள். கடிக்காதே என்று நாளைக்கு நாற்பது தடவை கத்துகிறவள் இன்றைக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூடியில் ஓட்டை இருக்கிறது. மற்ற பிள்ளைகள் கடித்துக்கொண்டிருக்கிற மூடிகளைப் பற்றித்தான் அவளுக்கு ஒன்றும் தெரியாது.