சிவக்கக் கூடாத தங்கம்

புட்டிக்குள் இருந்த தங்கம் மறுபடியும் சிவந்திருந்தது. சத்தியப்பிரியா அதை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தாள்.

காரைக்குடி ஆய்வுக்கூடம் ஒன்றில் அவள் தண்ணீருக்குள் வளர்ப்பவை கண்ணுக்குத் தெரியாத தங்கக் குச்சிகள். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடலாம். குச்சிகளாக இருக்கும்வரை தண்ணீர் பழுப்பு, உருண்டைகளாகிவிட்டால் சிவப்பு. அறுபது டிகிரிச் சூட்டில் இரவு முழுக்க வைத்தாலும் தன் குச்சிகள் கலையாது என்று அவள் எழுதிய கட்டுரை அச்சாகியும் விட்டது. ஆனால் ஆயுத பூசைக்குப் பிறகு ஒரு புட்டிகூடத் தப்பவில்லை. அதே உப்பு, அதே தண்ணீர், ஆய்வுக்கூட மின்னடுப்பின் திரையில் அதே அறுபது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி மஹாலட்சுமி திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நாளைக்குத் துறையில எல்லாரும் பாக்க வாராக. குச்சி நிக்கலைன்னா கட்டுரையத் திரும்ப வாங்கிருவோம்மா," என்றார்.

பொய்யாக எழுதியவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அதோடு படிப்பு முடிந்தது. பக்கத்து மேசை ஷாகிர் புட்டியைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன புள்ள, நண்டுக் கொழம்பா?"

எப்போதும் சிரிப்பவளுக்கு அன்று கண் கலங்கியது.

அடுத்த புட்டியை அடுப்பில் வைத்தாள். வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் சுற்றி, வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று கால் நகரவில்லை. பொறுக்கமாட்டாமல் பாதியிலேயே புட்டியின் மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. அறுபது டிகிரித் தண்ணீர் இப்படி ஆவி விடாது. வெப்பமானியை உள்ளே விட்டாள். தொண்ணூறைத் தாண்டியது. திரையில் அறுபது.

தங்கக் கட்டி உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் இத்தனை சிறிய குச்சியில் மேற்பரப்பு அணுக்களின் பங்கு அதிகம், அவற்றுக்குப் பிடிப்பும் குறைவு. சூடு ஏறினால் குச்சி உருகாமலேயே அந்த அணுக்கள் முனையிலிருந்து இடுப்புக்கு நகர்ந்துவிடும். குச்சி குட்டையாகி, தடித்து, உருண்டையாகும்.

அப்படியானால் திரை ஏன் பொய் சொல்கிறது? புட்டியை மேலிருந்து பார்த்துச் சூட்டை அளக்கும் சிறிய வட்டக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தாள். அதன் நடுவில் காய்ந்த சந்தனப் பொட்டு. பூசையன்று எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தவள் அவள்தான். இதற்கு நெற்றி எது என்று தேடி, அந்தக் கண்ணாடியில் வைத்திருந்தாள். அடுப்பு புட்டியை விட்டுவிட்டு, ஆறிக்கிடந்த சந்தனத்தின் சூட்டை அளந்து, போதவில்லை என்று, சந்தனம் அறுபதைத் தொடும்வரை மேலும் மேலும் எரிந்திருக்கிறது.

ஈரத்துணியால் துடைத்தாள். புதுப் புட்டி வைத்து, உள்ளேயும் வெப்பமானி விட்டாள். இரண்டும் அறுபது காட்டின. காலையில் எல்லோரும் வந்தபோது தண்ணீர் பழுப்பாகவே இருந்தது.

பொட்டை இனி அடுப்பின் பக்கவாட்டில் வைக்க வேண்டும். சூட்டைத் திரையில் மட்டும் பார்க்காமல் புட்டிக்குள்ளும் அளக்க வேண்டும்.