வெளியே வளைந்த ஹேங்கர்

தங்கை சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் என் கடைக்குள் வந்தாள். மறுபடியும் விழுந்துவிட்டாளாம். முன்பும் இதே கதைதான், நானும் நம்பித் தொலைத்தேன்.

ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். பின்சக்கர அச்சுக்குக் கீழே காதுமடல் போல ஓர் இரும்புத் துண்டு இருக்கும். ஹேங்கர் என்போம், கியர் அதில்தான் தொங்கும். அலுமினிய சைக்கிள் என்றால் கழற்றி வேறு மாட்டலாம். இவளுடையது இரும்பு, ஹேங்கரும் பிரேமும் ஒரே உடம்பு. வளைந்தால் நெம்பி நிமிர்த்தத்தான் வேண்டும், இரும்பும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் விழுந்த சைக்கிளில் ஹேங்கர் உள்ளே, ஸ்போக்ஸைப் பார்த்து மடங்கும். இது வெளியே மடங்கியிருந்தது. யாரோ சக்கரத்துக்கும் கியருக்கும் நடுவே கம்பியை விட்டு நெம்பியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? என் அருமை மாப்பிள்ளைதான். ஊருக்கு முன்னால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். கல்லானாலும் கணவன் என்று சொன்னவர்கள் கம்பி எடுத்த கணவனைப் பார்த்ததில்லை போலும்.

கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கும் தெம்பில்லை. வேலைக்குப் போகக் கூடாது என்கிறாராம். அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட். இன்னொரு முறை வராமல் இருந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டாளாம்.

ஹேங்கரின் அடியில் மயிரிழை போல விரிசல். இனி நிமிர்த்தினால் கையோடு வந்துவிடும். வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டிங் வைக்கிறேன், நீ என் வீட்டிலேயே இரு, உன் அண்ணி பார்த்துக்கொள்வாள் என்றேன். பிள்ளையை அவர் விடமாட்டார் என்றாள். வேறு சைக்கிள் தருகிறேன் என்றேன். அதன் கியரையும் நெம்புவார் என்றாள்.

பிறகு சைக்கிளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கியரே வேண்டாம்ணா. கழட்டிட்டு செயினை ஒரே பல்சக்கரத்துல போட்டுக் கொடுத்துடு. நெம்புறதுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல."

"அப்புறம் அந்தக் கோபத்தை உன் மேலதான் காட்டுவான்."

"காட்டட்டும். என்னை அடிச்சாலும் நான் வேலைக்குப் போயிடுவேன். சைக்கிள் உடைஞ்சாதான் போக முடியல."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த ஆளின் கையை நெம்ப என்னிடம் கருவி இல்லை. கியரைக் கழற்றினேன், செயினை வெட்டிச் சேர்த்தேன். மேட்டில் மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சரி என்றாள்.