எண்பத்தைந்துக்கு மேலே

கோட்டாறு இன்னும் முழுதாய்க் கண்விழிக்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு ஓய்ந்திருந்தது. சந்தைக்குப் போகும் வாழைக்குலை லாரி ஒன்று மட்டும் சந்துக்குள் திரும்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்கே மூன்றாம் மாடித் தகரக் கூரைக்கு அடியில் ஐந்து பேர் வேலையில் மூழ்கியிருந்தார்கள்.

ஷைஜாவின் திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா அழுதுகொண்டிருந்தார். ஆலயத்து வாசலில் மகளின் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அவர் முகத்தைத் துடைக்கும் இடம். அதை எங்கே வெட்டுவது, எங்கே பாட்டைத் தொடங்குவது என்று மணிக்கட்டு வலிக்க வலிக்கத் தேடிக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. தோள்பட்டை கல்லாய் இறுகியிருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. நிற்க முடியாது. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

வெயில் ஏறினால் தகரம் காயும். தகரம் காய்ந்தால் அறை வேகும். அறை வெந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். மே மாதக் கல்யாணங்கள், சிறுவர்கள் முதன்முதலாய் நற்கருணை வாங்கும் நாளின் முதல் நன்மை விருந்துகள், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்காக எடுத்த சாவு வீட்டு அடக்க ஆராதனைகள் எல்லாம் இந்தப் பெட்டிகளுக்குள்தான் வரிசையில் நின்றன.

"ஏட்டி ஷைஜா, ஒனக்க மெஷினு எவ்வளவு?" பக்கத்து மேஜையிலிருந்து ஸ்மைலின் கேட்டான்.

"அம்பத்தெட்டு."

"குடுத்து வச்சவ. எனக்கது இப்பமே எழுபத்தொண்ணு. மாப்பிள வீட்டு மாமன் மாதிரி, ஒரு வேலையும் செய்யாம நிக்கும்போதே கொதிக்கு."

அறையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. எல்லாருடைய திரை மூலையிலும் ஒரு சின்ன எண் மினுங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் சூட்டைக் காட்டும் எண். ஸ்மைலின்தான் அந்த இலவச மென்பொருளைத் தேடிப் போட்டுக்கொடுத்தவன். சும்மா இருக்கும்போது நாற்பது ஐம்பது. வேலை நடக்கும்போது அறுபது எழுபது. அதுவரை கவலையில்லை. எண்பதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எண்பத்தைந்துக்கு மேலே போய் அங்கேயே நின்றால் ஆபத்து. தொண்ணூற்றைந்தில் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தவழும். நூறைத் தொட்டால் 'பொக்'கென்று அணைந்துவிடும். வெட்டி ஒட்டியதெல்லாம் சேர்ந்து ஒரே படமாகும் கடைசிக் கட்டத்தில் அப்படி அணைந்தால், மறுபடி முதலிலிருந்து. அந்த வீண் உழைப்புக்குக் கூலி கிடையாது என்பது முதலாளி ரசலையனின் சட்டம்.

இதையெல்லாம் அவர்கள் கொஞ்சம் யூடியூப் பார்த்துக் கற்றார்கள். மிச்சத்தை அணைந்துபோன திரைகளுக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்து கற்றார்கள்.

போன வருடம்வரை இந்த அறையில் ஏ.சி. இருந்தது. கோடை தொடங்கும் முன் ரசலையன் ஆள் வைத்து அதைக் கழற்றி, முதல் மாடியில் கல்யாண வீட்டார் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும் அறையில் மாட்டினார். "பார்ட்டி வேர்க்க வேர்க்க இருந்தா ஆர்டர் தருவானா? ஒங்களுக்குத்தான் ஆளுக்கொரு டேபிள் ஃபேன் இருக்குல்லா மக்கா" என்றார்.

அந்த ஆறு விசிறிகளும் இப்போது கம்ப்யூட்டர்களைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தன. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளின் வயிற்றுக்குள் காற்றை அனுப்பினார்கள். ஆட்கள் வேர்த்து ஒழுகினார்கள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அஜின் வந்தான். கன்னியாகுமரியிலிருந்து முதல் பஸ். இரண்டு கையிலும் தெர்மோகோல் பெட்டிகள்.

"வந்துட்டான்டே நெய்மீன் யாவாரி!" என்றான் ஸ்மைலின்.

"மீனு இல்ல மக்கா, வெறும் ஐஸுதான். அப்பாக்க வள்ளத்துக்கு வாங்குனதுல கொஞ்சம் தள்ளிக்கிட்டு வந்தேன்."

அது அஜினின் யோசனை. மீன் கெடாமலிருக்க ஐஸ் போடுகிறோம், படம் கெடாமலிருக்கப் போட்டால் என்ன? ஐஸ் பெட்டியைத் தகடு கழற்றிய கம்ப்யூட்டருக்கு எதிரே வைத்து, பின்னாலிருந்து விசிறியை ஓடவிட்டான். முதல் நாள் அவன் திரையில் எண்பதில் நின்ற எண் மளமளவென்று அறுபதுக்கு இறங்கியபோது எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் ஷைஜாதான் கேட்டாள்: "எனக்கும் ஒரு பெட்டி கொண்டு வாறியா?" அதன்பின் எல்லாரும் கேட்டார்கள். ரசலையனும் ஒருநாள் எட்டிப் பார்த்து, "கடப்புறத்துக்காரன் மூளையே மூளை" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மீனுக்கு ஐஸ் உருகி ஒழுகினால் கழுவிவிட்டுப் போகலாம். இங்கே தரையில் கிடந்தவை பிளக்குகள். அதை யாரும் யோசிக்கவில்லை.

அன்று தகரம் 'டிக் டிக்'கென்று விரியத் தொடங்கிய நேரம். அஜினின் ஐஸ் பெட்டியின் மூலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல். உருகிய தண்ணீர் மேஜை ஓரமாய் வழிந்து, வயர் வழியாய் இறங்கி, கீழே கிடந்த பிளக் பலகைக்குள் சொட்டியது. தண்ணீரைப் பார்த்த அஜின் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். குனிந்தவன் நிதானத்துக்காக ஒரு கையைக் கம்ப்யூட்டரின் இரும்புச் சட்டத்தில் ஊன்றினான்.

ஒரு சத்தம். பிறகு கருகும் நாற்றம். அஜின் அதோடு ஒட்டிக்கொண்டு துடித்தான்.

"தொடாதே! யாரும் தொடாதீங்க!" ஸ்மைலின் பாய்ந்து சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தான். அஜின் துணி மூட்டைபோல் சரிந்தான். அவன் உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது. தரையெல்லாம் ஐஸ் கட்டிகள் சிதறிக் கிடந்தன. ஷைஜா அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அஜினே, கண்ணத் தொறடே, என்னப் பாருடே" என்று கத்தினாள். அவன் கண் திறந்தான். உதடு அசைந்தது.

"ஃபைலு சேவ் ஆச்சா அக்கா?"

அந்தக் கேள்வி ஷைஜாவுக்குள் முள்ளாய் இறங்கியது. ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்கவைத்து, "உசிருக்கு ஒண்ணும் இல்லை, கைக்குத்தான் நாளாகும்" என்று டாக்டர் சொன்ன பிறகும் அது போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

எலெக்ட்ரீஷியன் கிளீட்டஸ் வந்து பிளக் பலகையைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல எர்த்து கம்பி ஒரு எடத்துக்கும் போவல. வெட்டி உள்ள மடக்கி வச்சிருக்கு. கரண்டு கசிஞ்சா மண்ணுக்குப் போவாண்டாமா? போறதுக்கு வழியில்லாம பயலுக்க கை வழியா போயிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "லைன் இழுக்கச்சிலயே சொன்னேன். பெறவு பாக்கலாம், பெறவு பாக்கலாம்னாரு ஒங்க அண்ணாச்சி."

சாயங்காலம் ரசலையன் ஷைஜாவை முதல் மாடிக்கு அழைத்தார். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் வந்து அப்பியது. அவள் உடம்பு தன்னையறியாமல் சிலிர்த்தது.

"இரு மக்கா, சோபால இரு. பயலுக்க அப்பன் வாறான். கடப்புறத்துக்காரனுக்குப் பட்டுனு கோவம் வரும். நீ மூத்தவ, நீ சொன்னா கேப்பான். பயலு வெளாட்டுக்கு ஐஸு கொண்டு வந்தான், வேண்டாம்னு நாங்க எல்லாரும் சொல்லியும் கேக்கலைனு சொல்லீரு."

"வேண்டாம்னு யாரும் சொல்லலியே அண்ணாச்சி."

"இப்பம் சொன்னா போதும்." அவர் சிரித்தார். "மெஷினு ஒண்ணு கரிஞ்சு போச்சு. அதுக்க நஷ்டத்த நான் அவன்கிட்ட கேக்க மாட்டேன். வேலைய விட்டு நின்னுக்கிட்டா போதும். நீ நாளையில இருந்து இந்த ரூமுல ஒரு மேச போட்டு இரு. நல்ல குளுந்து. ஒனக்க கண்ணெரிச்சலும் போகும்."

ஏ.சி. மெல்ல முனகியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஷைஜா அந்தக் குளிரில் தன் மேஜையைப் போட்டுப் பார்த்தாள். ஜன்னலோரம். மணிக்கட்டுக்குக் கீழே வேர்வை வழியாத ஒரு மேஜை. பிறகு அந்த மேஜைக்கு எதிரே, வெந்த கையோடு ஒருவன் வந்து நின்றான்.

அஜினின் அப்பா மரியஜான் வந்தார். உப்பு பூத்த சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எனக்க மவன் என்ன தப்பு செஞ்சான்?" கோபமில்லாமல்தான் கேட்டார். கேள்வி ஷைஜாவைப் பார்த்துத்தான் வந்தது.

ரசலையன் கனைத்தார். ஷைஜா எழுந்தாள்.

"அவன் செஞ்ச தப்பத்தான் நாங்க எல்லாரும் செஞ்சோம் மாமா. ஐஸு எனக்க மேசையிலயும் இருந்துச்சு. நான்தான் ரெண்டாவது பெட்டி கேட்டேன். கரண்டு பக்கத்துல தண்ணி ஆகாதுனு எங்களுக்குத் தோணல. ஆனா எர்த்து இருந்திருந்தா கை இப்படி வெந்திருக்காது. ஏ.சி. மேல இருந்திருந்தா ஐஸே வந்திருக்காது."

"ஏட்டி!" ரசலையன் துள்ளி எழுந்தார். "என்னட்டி பேச்சு பேசுதே? மெஷினு நூறு டிகிரி வரைக்கும் தாங்கும்னு அதச் செஞ்ச கம்பெனியே சொல்லுதான். நான் நெட்டுல பாக்காதவன்னு நெனச்சியா? எண்பத்தஞ்சுக்கே ஒப்பாரி வைக்கியோ?"

"தாங்கும் அண்ணாச்சி. அதுக்கு மேல முடியாதுனு தானே செத்துக்கிடுத எடம் அது. நிம்மதியா ஓடுததுக்குள்ள எடம் வேற. காச்சல்ல மனுசனுக்கு நூத்தி நாலு வரைக்கும்கூட உசிரு நிக்கும். அதுக்காக தெனமும் நூத்தி நாலு காச்சலோட வேலைக்கு வரச் சொல்லுவியளா?"

"அப்பம் நீயும் அவன்கூட வீட்டுக்குப் போ."

மரியஜான் ரசலையனை நிதானமாய்ப் பார்த்தார். "வள்ளத்துல ஒருத்தன் தவறி விழுந்தா வலைய வெட்டி விட்டுட்டு அவனத்தான் மொதல்ல தூக்குவோம். மீனப் பெறவு பாப்போம். ஒங்க தொழிலு எனக்குத் தெரியாது." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

படியில் ஸ்மைலினும் மற்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"போயிருவியா?" என்று கேட்டான் ஸ்மைலின்.

"போவ மாட்டேன். காலம்பற வருவேன். நீங்க?"

 ஒருவனுக்கு வீட்டுக் கடன், ஒருத்திக்கு மாமியார் வாய். ஸ்மைலின் கையிலிருந்த ஹெட்போன் வயரைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"எண்பத்தஞ்சு," என்றான் கடைசியில். "மெஷினுக்கு நாம போட்ட அளவுதானே? அதையே நமக்கும் வச்சுக்கிடுவோம்."

மறுநாள் விடியலில் ரசலையன் படியேறி வந்தபோது, போகச் சொன்ன ஷைஜா தன் இடத்தில் இருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஐந்து தலைகளும் திரும்பின. அந்தப் பார்வையையும், வரிசையில் நின்ற கல்யாணங்களையும் கணக்கிட்டு, அவர் வந்த வழியே இறங்கினார்.

வேலை நடந்தது. அஜினின் மேஜை மட்டும் கருகிய நாற்றத்தோடு சும்மா கிடந்தது. வெயில் ஏறியது. தகரம் விரிந்தது. எழுபது. எழுபத்தாறு. எண்பத்தொன்று.

ஷைஜா கையை நீட்டித் தன் மேஜை விசிறியைத் திருப்பினாள். பெட்டியிலிருந்து தன் முகத்துக்கு. எத்தனையோ நாளுக்குப் பிறகு கழுத்து வேர்வையில் காற்று பட்டது. அடுத்து ஸ்மைலின் திருப்பினான். ஒன்றன்பின் ஒன்றாய் எல்லா விசிறிகளும் ஆட்கள் பக்கம் திரும்பின. திரை மூலைகளில் எண்கள் தாவின.

"எண்பத்தஞ்சு!" என்றான் ஸ்மைலின்.

"சேவ் பண்ணுங்க. அணையுங்க."

இரைச்சல் நின்றது. அவர்கள் இறங்கி, முதல் மாடியில் குளிர் அறைக்கு வெளியே படிகளில் வரிசையாய் உட்கார்ந்தார்கள். கதவு திறந்தது.

"என்னலே இது? மேல போங்க!"

"ஏ.சி. மேல வரட்டும் அண்ணாச்சி," என்றாள் ஷைஜா. "எல்லா பிளக்குக்கும் எர்த்து வரட்டும். அஜினுக்க வைத்தியமும் வேலையும் ஒங்க பொறுப்பு. அதுவரைக்கும் எண்பத்தஞ்சுக்கு மேல ஒரு கையும் மவுசத் தொடாது."

"இங்கனயே கெடங்க! ஆளா இல்ல ஊருல?" கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அவர்களில் ஒருத்தி விம்மினாள். இனி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.  அப்போது கீழிருந்து மெதுவான காலடி. கையில் வெள்ளைக் கட்டோடு அஜின். அவன் எதுவும் கேட்காமல் ஒரு படியில் உட்கார்ந்தான். மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அவன் பின்னாலேயே, தரைத்தளத்தில் பிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் இடத்திலிருந்து செல்லபாய் வந்தாள். மையும் வேர்வையும் கலந்த முகம். கட்டிட்ட கையை ஒருதரம் பார்த்தாள்.

"ஏட்டி, எங்களுக்கும் இதே லைனுதானே? மெஷினத் தொட்டா சுள்ளுனு கடிக்கும். சும்மா இருக்கும்னு நெனச்சோம். கிளீட்டஸ் வந்திருக்காரு. எங்க பிளக்கையும் தொறந்து காட்டச் சொல்லுதியா? எங்காளுங்க எல்லாம் கீழ நிக்காவ."

ஷைஜா எழுந்தாள். 

"சொல்லுதேன் அக்கா. மொதல்ல மெயின அணைக்கச் சொல்லுங்க."

செல்லபாய் படிக்குக் கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். யாரோ கட்டடத்தின் பெரிய சுவிட்சை இழுத்தார்கள். அச்சு மெஷின்கள் இழுத்து இழுத்து ஓய்ந்தன. மூடிய கதவுக்குப் பின்னால் ஏ.சி.யின் முனகலும் நின்றது.

படியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் குளிர் அறையின் தாழ்ப்பாள் உள்ளிருந்து அசைந்தது.